ஆறு பேர் கிளம்பினார்கள், மூன்று பேர் திரும்பினார்கள்

1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து சைக்கிளில் உலகைச் சுற்றக் கிளம்பிய பார்சி இளைஞர்கள் ஆறு பேர். எல்லோரும் பளு தூக்கிப் பழகியவர்கள், உடம்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1928 மார்ச்சில் ஊர் திரும்பியவர்களோ ஆதி ஹக்கீம், ஜல் பாபசோலா, ரஸ்தம் பும்காரா என்று மூன்றே பேர். நரிமன் கபாடியா சொந்தக் காரணத்தால் டெஹ்ரானோடு திரும்பிவிட்டார். குஸ்தாத் ஹாதிராமுக்கு அமெரிக்கா பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார். அந்தப் பிரிவு தாங்காமல் கேகி போச்கானாவாலாவும் மூட்டை கட்டினார். சுமார் 71,000 கிலோமீட்டர் பயணம். பாதியில் விலகிய மூவரில் கால் ஓய்ந்துபோய் விலகியவர் யாருமில்லை.

1924-ல் இன்னொரு பார்சி, ஃப்ராம்ரோஸ் தாவர், தன்னந்தனியாகக் கிளம்பினார். வியன்னாவில் அவருக்குக் குஸ்தாவ் ஸ்தாவ்யானிக் என்ற ஆஸ்திரியர் துணையாக வாய்த்தார். ஊர், மொழி, வளர்ப்பு எதுவும் ஒட்டாத இந்த ஜோடி சஹாராவைத் தாண்டி, அமேசான் பக்கமும் போய், 1931-ல்தான் பயணத்தை முடித்தது. பள்ளிக்கூட சிநேகிதனைத் தவிர வேறு யாரோடும் போகமாட்டேன் என்பவர்கள் தாவரை நினைத்துப் பார்க்கலாம்.

துணையோடு நெடுந்தூரம் ஓட்டியவர்கள் பஞ்சரைவிடப் பசியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். கடுமையாக மிதித்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் உடம்பின் சர்க்கரை இருப்பு காலியாகத் தொடங்கும். அப்போது தசைக்கு முன்னால் பொறுமை தீர்ந்துவிடும். "அந்தத் திருப்பத்தை நீதானே விட்டே?" என்று ஏறுகிற குரல், ரோட்டோரம் உட்கார்ந்து ரொட்டியும் வாழைப்பழமும் தின்றதும் தானாக இறங்கிவிடும். வாக்குவாதத்தைச் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று முதல் நாளே ஒப்பந்தம் போட்டுக்கொள்வது உத்தமம். பெரும்பாலும் சாப்பிட்ட பிறகு வாக்குவாதமே இருக்காது.

அடுத்தது வேகம். மேட்டில் மெதுவாக ஏறுபவரை முன்னால் விட வேண்டும். வேகக்காரர் முன்னே போய் உச்சியில் இளைப்பாறிவிட்டு, மற்றவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் "போலாமா?" என்று கேட்பதைப்போல எரிச்சலூட்டுவது வேறில்லை. எதிர்க்காற்றில் கணக்கு தலைகீழ்: பலசாலி முன்னால் போக வேண்டும். அவர் பின்சக்கரத்தை ஒட்டி வருபவருக்குக் காற்றின் தடை வெகுவாகக் குறையும். ஜெர்மனியின் பாஸாவிலிருந்து வியன்னா வரை தன்யூப் கரையோரம் சுமார் 320 கிலோமீட்டர் சைக்கிள் பாதை இருக்கிறது. அங்கே மேற்குக் காற்றே அதிகம் என்பதால் பலரும் நதி ஓடும் திசையிலேயே ஓட்டுகிறார்கள். அதை நம்பிப் போய், கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் மாட்டிக்கொண்டால் இந்த உபாயம்தான் கைகொடுக்கும்.

பம்பு, டியூப், ஸ்பேனர் எல்லாவற்றையும் ஒரே சைக்கிளில் கட்டக் கூடாது. பணமும் பாஸ்போர்ட் நகலும் இருவரிடமும் இருக்கட்டும். பிரியும் சாலை ஒவ்வொன்றிலும் முன்னால் போனவர் நின்றே ஆக வேண்டும், போன் சிக்னலை நம்பிப் போகக் கூடாது.

ஒருவர் நோய்ப்பட்டால் மற்றவர் தொடரலாமா? இதை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே வாய்விட்டுப் பேசிவிட வேண்டும். டெஹ்ரானில் கபாடியா திரும்பியதும் மற்ற ஐவரும் மேலே போனார்கள். இரண்டு பேர் போகும் பயணத்தில் ஒருவர் திரும்பினால் மிஞ்சுவது தனிப்பயணம். அதற்கு மனசு இருக்கிறதா என்பது ஜுரத்தில் படுத்திருக்கும்போது கேட்கிற கேள்வியல்ல.

விமான டிக்கெட்டைக் கடைசி நாள் மாலைக்கே போட்டுவிட்டு, முடியும் ஊரை நோக்கி வெறித்தனமாக மிதிப்பவர்கள் உண்டு. வேண்டாம், இரண்டு நாள் கூடுதலாக விடுங்கள். விமானத்தில் ஏற்றுவதற்காகச் சைக்கிளைக் கட்ட, சைக்கிள் கடையில் பழைய அட்டைப்பெட்டி கேட்டு வாங்க வேண்டும், ஹேண்டில்பாரைத் திருப்ப வேண்டும், பெடல்களைக் கழற்ற வேண்டும். மாதக்கணக்கில் மழையும் தூசியும் தின்ற பெடல் லேசில் அசையாது. இடது பெடலின் மரை வேறு எதிர்த் திசையில் இருக்கும். அதைக் கழற்றக் கடிகார முள் போகும் பக்கம் திருக வேண்டும். தெரியாமல் மறுபக்கம் அழுத்தினால் இன்னும் இறுகும். ஒருவர் சைக்கிளை அசையாமல் பிடித்துக்கொண்டால் மற்றவர் ஸ்பேனரில் முழு பலத்தையும் போடலாம்.