முனையம் அறியா நிரல்

நுழையும்முன்

விசைப்பலகையில் தட்டுவது நிரலுக்குள் செல்கிறது. விடை திரையில் தோன்றுகிறது. இவ்விரு வழிகளும் நிலையானவை போலத் தோன்றினும், நாம் விரும்பிய பக்கம் திருப்பத்தக்கவை. அம்முறை உருவான கதையை இப்பாடம் கூறுகிறது.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள பெல் ஆய்வகத்தில், 1969ஆம் ஆண்டு கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அந்நாளில் முனையம் என்பது விசைப்பலகையும் காகிதச் சுருளும் கொண்ட தொலைத்தட்டச்சுப் பொறி. அது நொடிக்குப் பத்து எழுத்துகள் அச்சிடும். அவ்வளவே அதன் வேகம்.

யூனிக்ஸ் அம்முனையத்தையும் ஒரு கோப்பாகவே கருதியது. நிரல் ஒன்று தொடங்கும்போதே உள்ளீட்டுக்கு ஒரு வாயிலும் வெளியீட்டுக்கு ஒரு வாயிலும் அதற்குத் திறந்து தரப்படும். வாயிலுக்கு அப்பால் இருப்பது மனிதரா, கோப்பா என்று அந்நிரல் அறிய வேண்டியதில்லை. வாயில்களைத் திருப்பிவிடுவது, நம் கட்டளைகளைப் படிக்கும் ஷெல்லின் பணி. '<' என்னும் குறியை இட்டால் கோப்பிலிருந்து உள்ளீடு வரும். '>' இட்டால் வெளியீடு கோப்பில் சேரும்.

தோட்டத்து நீர்க்குழாய்களை ஒன்றோடொன்று திருகி இணைப்பதுபோல நிரல்களையும் இணைக்க வேண்டும் என்று டக் மெக்கில்ராய் 1964இலேயே எழுதியிருந்தார். 1973இல் தாம்சன் ஒரே இரவில் அதனைச் செய்து முடித்தார். ஒரு நிரலின் வெளியீடு அடுத்ததன் உள்ளீடாயிற்று. இன்று '|' என்னும் நேர்கோடு அவ்விணைப்பைக் குறிக்கிறது.

இம்முறையில் ஒரு குறை இருந்தது. அவ்வாய்வகத்தில் ஒளியச்சுப் பொறி ஒன்று இருந்தது. ஆவணத்தை அதற்கு அனுப்பியபின், நீண்ட தாளை நெடிவீசும் வேதிக்கலவையில் இட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒருநாள் பிற்பகலில் அவ்வாறு காத்திருந்த பலருக்கும் கிடைத்தது, 'கோப்பைத் திறக்க இயலவில்லை' என்னும் பொருள்பட்ட, அழகாக அச்சான ஒற்றை வரி! மனிதருக்குச் சொல்ல வேண்டிய பிழைச்செய்தி, வெளியீட்டோடு சேர்ந்து பொறிக்குச் சென்றுவிட்டது. அடுத்த சில நாள்களில் பிழைக்கெனத் தனி வாயில் பிறந்தது. வெளியீட்டை எங்குத் திருப்பினாலும், பிழைச்செய்தி முனையத்திற்கே வந்து சேரும்.

இன்றைய லினக்ஸில் நாம் திறக்கும் ஒவ்வொரு முனையச் சாளரத்திற்கும் தனிக் கோப்புப் பெயர் உண்டு. 'டிடிஒய்' என்னும் கட்டளை அப்பெயரைக் கூறும். ஒரு சாளரத்தில் ஓடும் நிரலின் வெளியீட்டை அப்பெயருக்குத் திருப்பினால், எழுத்துகள் மற்றச் சாளரத்தில் தோன்றும்.

உள்ளீட்டைத் திருப்புவது அத்துணை எளிதன்று. மற்றச் சாளரத்தில் முன்பே ஒரு ஷெல் விசைகளுக்காகக் காத்திருக்கிறது. ஒரே வாளிக்கு இருவர் கை நீட்டுவதுபோல, தட்டும் எழுத்துகளுள் சில நிரலுக்கும் சில ஷெல்லுக்கும் போய்விடும். எனவே, அந்த ஷெல்லை நெடுநேரம் உறங்கச் செய்யும் கட்டளையை முதலில் இட வேண்டும். திரை முழுவதையும் ஆளும் விளையாட்டு நிரலில் பிழை தேடுவோர் இவ்வாறே செய்வர்: விளையாட்டு ஒரு சாளரத்தில் ஓடும், பிழைத்திருத்தி மற்றொன்றில் இருந்து அதனைக் கண்காணிக்கும்.

கற்பவை கற்றபின்

இரு முனையச் சாளரங்களைத் திறந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உம் பெயரை அனுப்புக. பின்னர், இல்லாத கோப்பு ஒன்றைப் படிக்குமாறு கட்டளையிட்டு, அதன் வெளியீட்டையும் அவ்வாறே திருப்புக. பிழைச்செய்தி எந்தச் சாளரத்தில் தோன்றுகிறது? ஏன்?