எல்இடி டிரைவரில் லேசர் டயோடு

பழைய டிவிடி ரைட்டரிலிருந்து கழற்றிய சிவப்பு லேசர் டயோடை எரியவிட, டார்ச் லைட்டுக்குள் இருக்கும் ஏஎம்சி7135 சிப்பைத்தான் நான் நம்புகிறேன். மிக மலிவு. ஒற்றை லித்தியம் பேட்டரியே போதும். பேட்டரி 4.2 வோல்ட்டிலிருந்து இறங்கிக்கொண்டே வந்தாலும் கரண்ட் 350 மில்லிஆம்பியர் அளவில் நிற்கும். லேசருக்கு வேண்டியது இந்த நிதானம்தான்.

வேகமான ரைட்டர்களின் டயோடுதான் இந்தக் கரண்ட்டைத் தாங்கும். வெறும் பிளேயரில் கிடைக்கும் டயோடுக்கு இது பல மடங்கு அதிகம். அதற்கு எல்எம்317 ரெகுலேட்டர்தான் சரி: 1.25-ஐ ரெசிஸ்டர் மதிப்பால் வகுத்தால் கரண்ட் வந்துவிடும். 25 ஓம் போட்டால் 50 மில்லிஆம்பியர். டயோடின் வோல்டேஜுக்கு மேல் சுமார் 3 வோல்ட் அதற்குத் தனியாக வேண்டும் என்பதால், இரண்டு பேட்டரி வைக்க வேண்டியிருக்கும்.

பிடி4115 போட்ட பக் போர்டுகளை லேசர் பக்கமே நான் கொண்டுபோவதில்லை. அவற்றில் கரண்ட் ஓயாமல் ஏறி இறங்கும். எல்இடி சராசரியைப் பார்த்து எரியும். லேசரைக் கொல்வது உச்சம். ஒரு கணம் எல்லை மீறினாலும் டயோடின் கண்ணாடி முகப்பு கருகிவிடும். பிறகும் கரண்ட் ஓடும், மங்கலாகச் சிவப்பாக ஒளிரவும் செய்யும். ஆனால் கற்றை இருக்காது.

அதனால் எந்த டிரைவரையும் முதலில் போலி லோடில் சோதிப்பேன். மூன்று 1என்4007 டயோடுகளை வரிசையாக இணைத்து, கூடவே ஒரு ஓம் ரெசிஸ்டர். ரெசிஸ்டரின் இரு முனையில் மீட்டர் எத்தனை மில்லிவோல்ட் காட்டுகிறதோ, கரண்ட்டும் அத்தனை மில்லிஆம்பியர். லேசரைச் சால்டர் செய்வதற்கு முன் பேட்டரியைக் கழற்றி, அவுட்புட் கெப்பாசிட்டரைக் கட்டாயம் டிஸ்சார்ஜ் செய்யவேண்டும். அதில் மிச்சமிருக்கும் சார்ஜ், எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் டயோடுக்குள் பாயும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஏஎம்சி7135 உட்கார்ந்திருப்பது மைனஸ் பக்கம். டயோடின் பிளஸ் நேராக பேட்டரி பிளஸுக்குப் போகும். மைனஸ்தான் சிப் வழியாகத் திரும்பும். டயோடின் மூன்று கால்களில் ஒன்று அதன் உலோக உறையோடு ஒட்டியிருக்கும். அது மைனஸ் காலாக இருந்து, உறை ஹீட்சிங்க்கைத் தொட்டு, ஹீட்சிங்க் பேட்டரி மைனஸோடு சேர்ந்த டார்ச் உடலைத் தொட்டால், சிப்புக்கு வேலையே இல்லை, 2.4 வோல்ட் கேட்கும் டயோடு மேல் முழு பேட்டரியும் இறங்கும். ஹீட்சிங்க்குக்கும் உடலுக்கும் நடுவே கேப்டன் டேப் சுற்றிவிட்டு, கன்டினியூட்டியில் மீட்டரை வைத்து, டயோடு உறைக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே பீப் வராததை உறுதிசெய்த பிறகே பேட்டரி போடுவேன்.

சிக்கனம் எல்லாம் டிரைவரோடு நிற்கட்டும். இந்த டயோடு சாதாரணமாக 200 மில்லிவாட் தரும். இமை மூடுவதற்குள் விழித்திரையைச் சுட்டுவிடும், பளபளப்பான ஸ்க்ரூடிரைவரில் பட்டுத் திரும்பினாலும் ஆபத்துதான். சன்கிளாஸ் உதவாது. சிவப்புக் கண்ணாடி சிவப்பு ஒளியை அப்படியே உள்ளே விட்டுவிடும். 650 நானோமீட்டருக்கு எத்தனை ஓடி (OD, ஒளியைத் தடுக்கும் அளவு) என்று அச்சிட்டிருக்கும் லேசர் கண்ணாடியைத்தான் வாங்கவேண்டும், மற்ற எல்லாப் பாகங்களையும் சேர்த்ததைவிட அதன் விலை அதிகமானாலும்.