நுளம்பை ஒத்த கடியாச் சிற்றீக்கள்: அவற்றை அறியும் முறை

அந்திவேளையில் வெள்ளவத்தைக் கால்வாயை அடுத்துச் செல்வோர், தலைக்கு மேலே புகைத்தூண்போல எழுந்தும் தாழ்ந்தும் ஆடும் சிறு பூச்சிக் கூட்டங்களைக் காணலாம். கொட்டாஞ்சேனை வீடுகளில் இரவு விளக்கொளியை நாடிச் சுவரில் தங்குவனவும் இவ்வினத்தனவே. நீர் கட்டிய நெல்வயலிலும் கீரைப் பாத்தியை அடுத்த வாய்க்காலிலும் இவை தோன்றும். இவற்றை நுளம்பென்றோ பயிர்ப்பீடையென்றோ எண்ணி நஞ்சு தெளித்தல் தவறாகும். இவை கைரோனோமிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த கடியாச் சிற்றீக்கள்.

அறியும் முறை

1. வாய்: பெண் நுளம்பிற்குக் குருதி உறிஞ்சும் நீண்ட ஊசிபோன்ற வாயுறுப்பு உண்டு. சிற்றீக்கு அஃதில்லை.

2. செட்டை: உருப்பெருக்குங் கண்ணாடியால் நோக்கின் நுளம்பின் செட்டையில் செதில்கள் தெரியும். சிற்றீயின் செட்டையில் அவை இல்லை.

3. இருக்கை: ஓய்ந்திருக்கும் நுளம்பு பெரும்பாலும் பின்கால்களை உயர்த்தும். சிற்றீயோ முன்கால்களை உயர்த்தி நீட்டும்.

4. உணர்கொம்பு: ஆண் சிற்றீயின் உணர்கொம்பு இறகுபோல் அடர்ந்தது. ஆண் நுளம்பிற்கும் இது பொருந்துமாதலின் இதனை மட்டுங் கொண்டு முடிவு செய்யலாகாது.

5. குடம்பி: நுளம்பின் குடம்பி நீரின் மேற்பரப்பிற்கு வந்து மூச்சுவிடும். சிற்றீயின் குடம்பி பெரும்பாலும் சேற்றிற் குழலமைத்து வாழும். இவற்றுட் பல ஈமோகுளோபின் உடைமையாற் செந்நிறமானவை. பிராணவாயு குறைந்த சேற்றிலும் பிழைப்பவை.

பயிருக்கு ஆகும் நன்மை

இக்குடம்பிகளுட் பல மக்கிய பொருள்களையும் பாசியையும் உண்பவை. பயிர் இளமையாயிருக்கையில், பீடைகள் பெருகுமுன், சிலந்திகளுக்குச் சிற்றீக்களே இரையாகின்றன. ஜாவாத் தீவின் நெல்வயல்களில் நடைபெற்று 1996இல் வெளியான ஆய்வு இதனை விளக்கிற்று. இப்பருவத்தில் நஞ்சு தெளிப்பின் சிற்றீயுடன் சிலந்தியும் மடியும். பின்னர் வரும் கபிலநிறத் தத்தியைத் தடுக்கக் காவலிராது.

கவனிக்கவேண்டியவை

ஆஸ்திரேலியாவில் நீர் நிறைந்த வயலில் விதைக்கும்போது சிலவகைக் குடம்பிகள் முளைவிதையையும் இளவேரையும் கடித்துச் சேதப்படுத்துவதுண்டு. நீரை வடித்துச் சேற்றில் விதைப்பின் இத்தீங்கிற்கு இடங்குறையும்.

டெங்கு பரப்பும் நுளம்போ வேறு. அது சிரட்டை, தகரப்பேணி, பழைய ரயர் ஆகியவற்றில் தேங்கும் நீரிற் பெருகும். அவற்றைத் தவறாது அகற்றுக.

கமக்காரர்களே! தெளிகருவியை எடுக்குமுன் பூச்சியை உற்றுநோக்குக. ஐயமேற்படின் சிலவற்றைப் போத்தலிலிட்டு விவசாயப் போதனாசிரியரிடம் காட்டித் தெளிவு பெறுக.