பழைய பாரிட்டியை அழிக்க அவசரம் வேண்டாம்

வீட்டு சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது, பெரிய ஹார்டு டிஸ்க்காக ஒன்று வாங்கிச் சேர்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் கடைசியில் பாரிட்டியில் வந்து முட்டிக்கொள்வார்கள். நான் பயன்படுத்தும் அன்ரெய்டு என்ற சர்வர் மென்பொருளில் விதி இதுதான்: எந்த டேட்டா டிஸ்க்கும் பாரிட்டி டிஸ்க்கைவிடப் பெரியதாக இருக்கக் கூடாது. என் சர்வரில் பாரிட்டி, டேட்டா எல்லாமே 8 டிபி. ஆகவே 16 டிபி டிஸ்க் வாங்கியபோது அது முதலில் பாரிட்டி இடத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. அங்கிருந்த 8 டிபி, வேலை முடிந்தபின் டேட்டா டிஸ்க் ஆனது. 16 டிபிக்குக் காசு கொடுத்து 8 டிபி இடம்தானா என்று முதலில் வயிறு எரியும். அடுத்து வாங்கும் 16 டிபி முழுசாகக் கைக்கு வரும்போது அது ஆறிவிடும்.

டிஸ்க்கை மாற்றுவது சில நிமிட வேலை. அதற்குப் பிறகு ஒரு நாளைத் தாண்டி ஓடும் கணக்கில்தான் ஆபத்து இருக்கிறது.

பாரிட்டி டிஸ்க்கில் ஃபைல் எதுவும் கிடையாது. எல்லா டேட்டா டிஸ்க்குகளிலும் ஒரே இடத்தில் உள்ள பிட்டுகளைப் பார்த்து, ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் 0, ஒற்றைப்படை என்றால் 1 என்று எழுதி வைத்திருக்கிறது. ஒரு டிஸ்க் செத்துப்போனால், மற்றவற்றையும் பாரிட்டியையும் வைத்து அதில் இருந்ததைக் கணக்குப்போட்டு மீட்டுவிடலாம். புதிய பாரிட்டியை உருவாக்க வேண்டுமானால், எல்லா டேட்டா டிஸ்க்குகளையும் முதல் பிட்டிலிருந்து கடைசி பிட் வரை படித்தாக வேண்டும். ஒற்றைப் பாரிட்டி உள்ள சர்வரில் அது முடியும்வரை பாதுகாப்பே இல்லை. மாதக்கணக்கில் யாரும் தொடாத மூலைகளும் அப்போதுதான் படிக்கப்படும். பலவீனமான டிஸ்க் படுத்துக்கொள்வதும் பெரும்பாலும் அப்போதுதான்.

அதனால் நான் வைத்திருக்கும் கொள்கை ஒன்றே ஒன்று. புதிய பாரிட்டி முழுதாக எழுதப்பட்டு, ஒருமுறை சரிபார்க்கப்படும்வரை பழைய பாரிட்டியில் ஒரு பிட்கூட மாறக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் இதற்காகத்தான்.

பெட்டியைத் திறக்கும் முன்

முதலில் ஒரு பாரிட்டி செக் ஓட்டுங்கள். பாரிட்டியில் திருத்தம் எழுதச் சொல்லும் டிக்கை எடுத்துவிட்டு ஓட்டுவது முக்கியம். பிழை பூஜ்யம் என்று வந்தால் பழைய பாரிட்டியை நம்பலாம். வராவிட்டால் காரணம் தெரியும்வரை மேற்கொண்டு போகாதீர்கள்.

அடுத்தது, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் ரிப்போர்ட். அதில் நான் பார்ப்பது நான்கு வரிகள். 5 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை, 198 என்பது படிக்கவே முடியாதவை. இந்த மூன்றில் 197தான் இந்த வேலைக்கு எமன். எந்த டேட்டா டிஸ்க்கிலாவது அது பூஜ்யமாக இல்லையென்றால், பாரிட்டியை விட்டுவிட்டு முதலில் அந்த டிஸ்க்கை மாற்றுங்கள். நான்காவது வரியான 199 ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கைவிடக் கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்த எண் ஒருபோதும் இறங்காது. இன்னும் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

எந்த சீரியல் எண் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சர்வருக்கு வெளியே, போனிலோ வேறு கணினியிலோ வையுங்கள். அன்ரெய்டு பூட் ஆகும் பென் டிரைவையும் பேக்கப் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் விளிம்பிலும் சீரியலின் கடைசி நான்கு எழுத்துகளை ஒட்டி வைத்தால், தவறான டிஸ்க்கைக் கழற்றும் பேச்சுக்கே இடமில்லை.

போட்டோ, ஆவணம் போன்றவற்றுக்கு வேறு இடத்தில் ஒரு பிரதி கட்டாயம் இருக்கட்டும். பாரிட்டி என்பது பேக்கப் அல்ல. நீங்கள் ஒரு ஃபைலை அழித்தால், அந்த அழிப்பையும் அது விசுவாசமாகக் கணக்கில் ஏற்றிக்கொள்ளும்.

புது டிஸ்க்கை நம்பாதீர்கள்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் இரண்டு விஷயங்களைச் செய்துவிடுவேன். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்று பார்ப்பது ஒன்று. மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் பிரீகிளியர் ஓட்டுவது இன்னொன்று. அது டிஸ்க் முழுவதையும் படித்து, பூஜ்யம் எழுதி, மறுபடி படிக்கும். 16 டிபிக்கு மூன்று நாள் அளவுக்கு இழுக்கும். பாரிட்டிக்கு இது கட்டாயமில்லை என்பார்கள், உண்மைதான். ஆனால் முளையிலேயே கருகும் டிஸ்க்காக இருந்தால், நம் டேட்டா அதை நம்பி இருப்பதற்கு முன்பே கருகட்டுமே.

எழுதுவதில் மெதுவான எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கைப் பாரிட்டிக்குப் போடாதீர்கள். எந்த டேட்டா டிஸ்க்கில் எழுதினாலும் பாரிட்டியிலும் எழுதியாக வேண்டும். அங்கே மெதுவான டிஸ்க் இருந்தால் எல்லாமே தவழும். சிஎம்ஆர் என்று தெளிவாகப் போட்டிருப்பதையே வாங்குங்கள்.

டேட்டா சென்டருக்கான சில டிஸ்க்குகள் பழைய பவர் சப்ளையில் சுழலவே மாட்டா. கனெக்டரில் வரும் 3.3 வோல்ட்டை ‘நிறுத்து’ என்ற கட்டளையாக அவை எடுத்துக்கொள்வதுதான் காரணம். டிஸ்க் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பும் முன் இதைப் பாருங்கள். அதைச் சமாளிக்க மோலெக்ஸ் கன்வர்ட்டர் வாங்குவதானால், பிளாஸ்டிக்கை ஒரே வார்ப்பாக ஊற்றிய மலிவு வகை வேண்டாம். அவை உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடித்ததுண்டு.

கணக்கு ஓடும்போது

காலி சாட்டா போர்ட் இருந்தால் பழைய பாரிட்டியைக் கழற்றவே வேண்டாம். புதியதையும் கூடவே மாட்டிவிட்டு, திரையில் இடத்தை மட்டும் மாற்றலாம். பெட்டிக்குள் கை போனாலே பக்கத்துக் கேபிள் தளரும். புது டிஸ்க் மாட்டியதும் நன்றாக இருந்த வேறொரு டிஸ்க் ‘காணவில்லை’ என்று வந்தால், பத்தில் ஒன்பது முறை அது கேபிள்தான்.

ஆட்டோ ஸ்டார்ட்டை முன்பே நிறுத்தி வைத்து, டிஸ்க்குகளின் தொகுப்பான அர்ரேயை மெயின்டனன்ஸ் மோடில் தொடங்கி, புதிய பாரிட்டியை எழுதும் சிங்க் பட்டனை அழுத்துவேன். இந்த மோடில் ஃபைல் சிஸ்டம் எதுவும் மவுன்ட் ஆகாது, டேட்டா டிஸ்க்கில் யாரும் எழுத முடியாது. ஒரு நாள் வீட்டில் படம் பார்க்க முடியாது என்ற புலம்பல் இருக்கும். அதற்கு ஈடாக, பழைய பாரிட்டி கடைசி நிமிடம்வரை பொருந்தி நிற்கும். பாதியில் ஒரு டேட்டா டிஸ்க் போய்விட்டால், பழைய பாரிட்டியை அதன் இடத்தில் வைத்து, நியூ கான்ஃபிக் போட்டு, ‘பாரிட்டி ஏற்கெனவே சரியாக இருக்கிறது’ என்ற டிக்கை வைத்து, செத்த டிஸ்க்கை மீட்க வழி இருக்கிறது. பதறாத காரியம் சிதறாது என்பது இங்கே அப்படியே பொருந்தும். திரையில் ‘அன்மவுன்டபிள்’ என்று வந்து பக்கத்திலேயே ஃபார்மட் பட்டன் இருந்தாலும் அதை மட்டும் அழுத்தாதீர்கள். அந்த ஃபார்மட்டும் பாரிட்டியில் ஏறிவிடும். பிறகு மீட்க ஒன்றும் மிஞ்சாது.

இரட்டைப் பாரிட்டி வைத்திருப்பவர்கள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதல் பாரிட்டிக்கு டேட்டா டிஸ்க்குகளின் வரிசை பொருட்டல்ல. இரண்டாவது பாரிட்டியின் கணக்கில் இடமும் சேர்கிறது. வரிசை மாறினால் அது செல்லாது. ஸ்கிரீன்ஷாட் அங்கே உயிர் காக்கும்.

யுபிஎஸ் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். நடுவில் கரன்ட் போனால் சிங்க் முதலிலிருந்து தொடங்கும். இன்வெர்ட்டர் மட்டும் போதாது. மாறும் அந்த நொடியில் சர்வர் ரீஸ்டார்ட் ஆகக்கூடும். சித்திரை வெயிலில் செய்வதானால் சூட்டையும் கவனியுங்கள். 45 டிகிரியைத் தாண்டினால் நான் பாஸ் கொடுத்துவிட்டு, இரவில் தொடர்வேன்.

சிங்க் பாதியை எட்டியபோது ஒன்றைக் கவனித்தேன். டேட்டா டிஸ்க்கின் உள்வட்டங்களுக்குப் போகப் போக வேகம் இறங்கிக்கொண்டே வந்தது. 8 டிபியைத் தாண்டியதும் சட்டென்று இரண்டு மடங்கு ஆனது. அதற்கு மேல் படிக்க டேட்டா டிஸ்க்கே இல்லை. புதிய டிஸ்க்கில் வெறும் பூஜ்யங்கள்தான் எழுதப்படுகின்றன. மற்ற டிஸ்க்குகளுக்குச் சோதனை முடிந்தது என்று அதற்குப் பொருள்.

முடிந்த பிறகு

சிங்க் முடிந்தது என்றால் எழுதியாகிவிட்டது என்றுதான் பொருள். அதைத் திரும்பப் படிக்க முடிகிறதா என்று பார்க்க, இன்னொரு பாரிட்டி செக், இந்த முறையும் திருத்தம் எழுதாமல். பூஜ்யம் வந்த பிறகே பழைய 8 டிபியை டேட்டா இடத்தில் சேர்ப்பேன். அன்ரெய்டு முதலில் அதில் பூஜ்யம் நிரப்பும். பூஜ்யத்தைச் சேர்த்தால் கணக்கு மாறாது என்பதால் பாரிட்டி அப்படியே செல்லும்.

கடைசியாக ஒன்று, பலரும் மறப்பது. மாற்றத்துக்கு முன் எடுத்த பென் டிரைவ் பேக்கப்பில், அந்த 8 டிபி இன்னும் பாரிட்டி என்றுதான் பதிவாகியிருக்கும். என்றைக்காவது பென் டிரைவ் கெட்டு, அந்தப் பேக்கப்பைப் போட்டு அர்ரேயைத் தொடங்கினால், டேட்டா நிறைந்த டிஸ்க்கின் மேல் பாரிட்டி எழுதப்பட்டுவிடும். எல்லாம் சரியாக முடிந்த அன்றே புதிய பேக்கப் எடுத்துவிட்டுப் பழையதை அழித்துவிடுங்கள்.