கரையும் உப்பும் கரையாக் கிளிஞ்சலும்

அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு பூவாரில் மணல்திட்டைத் தாண்டிக் கடலோடு கலக்கிறது. அங்குக் கரையில் ஒதுங்கும் கிளிஞ்சல்களை அலைகள் ஓயாது கழுவினாலும் அவை கரைந்து போவதில்லை. அவற்றைக் கழுவும் அதே கடல்நீரிலோ லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கண்ணுக்குப் புலப்படாமல் கரைந்துள்ளன. கிளிஞ்சலின் கால்சியம் கார்பனேட்டும் சோறாக்கும் உப்பாகிய சோடியம் குளோரைடும் அயனிச் சேர்மங்களே. பின் ஏன் இந்த வேற்றுமை?

நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் ஒன்றையொன்று ஈர்த்து அடுக்கடுக்காய் அமைந்ததே அயனிப் படிகம். நீர் மூலக்கூறுகள் அவ்வயனிகளைச் சூழ்ந்து தம்பால் இழுக்கின்றன. அவ்விழுவிசை படிகத்தின் பிடிப்புக்கு ஈடாயின் சேர்மம் கரையும். சோடியமும் குளோரைடும் ஒற்றை மின்சுமை உடையவை, எளிதில் பிரிகின்றன. கால்சியமும் கார்பனேட்டும் இரட்டை மின்சுமை உடையவை. அவற்றின் பிடி இறுக்கமானது. ஆயினும் மின்சுமையை மட்டும் நோக்கித் தீர்ப்புக் கூறலாகாது. ஒற்றை மின்சுமைகளால் ஆன வெள்ளி குளோரைடு கரைவதில்லை. இரட்டை மின்சுமைகளால் ஆன மக்னீசியம் சல்பேட்டு நன்கு கரைகிறது. ஆதலின் சோதித்தறிந்த விதிகளே துணை. சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் ஆகியவற்றின் உப்புகளும் நைட்ரேட்டுகளும் பொதுவாகக் கரையும். குளோரைடுகளில் வெள்ளி, ஈயம் முதலிய சிலவே விலக்கு. கார்பனேட்டுகளில் பெரும்பாலானவை கரையா.

கடல்நீர் வற்றும்போது இவ்வேற்றுமை தெளிவாய் வெளிப்படும். தூத்துக்குடி உப்பளங்களில் வெயில் ஏற ஏற முதலில் கால்சியம் கார்பனேட்டும், அடுத்து ஜிப்சமும் படிகின்றன. 100 கிராம் நீரில் ஜிப்சம் கால் கிராம் அளவே கரையும். உப்போ 36 கிராம் கரையும். போமே அளவையில் நீரின் அடர்வு 25 டிகிரியை நெருங்கிய பின்னரே உப்பு விளையத் தொடங்கும். எஞ்சும் மக்னீசிய நீரை உரிய காலத்தில் வடித்துவிட வேண்டும். தாமதித்தால் உப்பு கசக்கும், ஈரம் கோக்கும். பருவம் அறிந்து நீரை மாற்றும் உப்பளத் தொழிலாளியின் கண் கரைதிறன் அட்டவணைக்குச் சற்றும் குறைந்ததன்று.

கரையுமா என்பது உயிர் காக்கும் வினாவாகவும் ஆகும். பேரியம் அயனி நஞ்சு. எனினும் குடலை எக்ஸ்ரே படம் எடுக்க நோயாளிக்குப் பேரியம் சல்பேட்டைக் குடிக்கத் தருகின்றனர். அது கரையாமல், குருதியில் கலவாமல் வெளியேறிவிடும். பேரியம் கார்பனேட்டும் நீரில் கரையாததுதானே, அதைத் தந்தால் என்ன? வயிற்றில் இருப்பது வெறும் நீரன்று, அமிலம். கார்பனேட்டு அமிலத்தில் கரைந்து நஞ்சை விடுவிக்கும். நீரில் அசையாத கிளிஞ்சலும் வினிகரில் இட்டால் நுரைத்துக் கரைவது இதனாலேயே.

பயிற்சி

1. கால்சியம் குளோரைடு, கால்சியம் கார்பனேட்டு ஆகிய இரண்டில் நீரில் கரைவது எது? விதியைச் சுட்டி விடை எழுதுக.

2. ‘கரை’ என்னும் சொல் பெயராகவும் வினையாகவும் வரும் தொடர்களைப் பாடத்திலிருந்து எடுத்தெழுதுக.