ஒரு காளை, பதினொரு அச்சு

முதல் வருஷம் டிராயிங் ஹாலில் முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் மூன்றையும் ஒரே ஷீட்டில் போடத் திணறினோமே, ஞாபகமிருக்கிறதா? 1907-ஐ ஒட்டிப் பாரிஸில் பிக்காசோவும் பிராக்கும் தொடங்கிய கியூபிஸமும் அதற்கு நெருங்கிய சொந்தம்தான். அவர்கள் பொருளைத் தளங்களாக உடைத்து, பல பக்கங்களையும் ஒரே உருவத்துக்குள் காட்டினார்கள்.

அந்தக் கைப்பழக்கத்தோடு பிக்காசோ பின்னாளில் செய்ததுதான் 'காளை' என்ற கல்லச்சு வரிசை. 1945 டிசம்பர் 5-இல் பாரிஸ் மூர்லோ அச்சகத்தில் தொடங்கி, 1946 ஜனவரி 17-இல் முடித்தார். ஒரே கல், 11 நிலைகள்.

கல்லச்சின் சூத்திரம் எளிது: எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. சுண்ணாம்புக்கல்லில் கொழுப்புள்ள மையால் வரைந்து, பக்குவப்படுத்தி, நனைத்து, மை உருளையை ஓட்டினால் வரைந்த இடம் மட்டும் மை பிடிக்கும். திருத்த வேண்டுமானால் கல்லைச் சுரண்டணும். சுரண்டியது போனது போனதுதான்! அதனால் ஒவ்வொரு நிலையையும் தாளில் அச்சடித்து வைத்தார்கள்.

முதல் நிலையில் நிஜக் காளை. இரண்டாவதில் அது இன்னும் கறுத்துக் கனக்கிறது. குறைப்பதற்கு முன் கூட்டியிருக்கிறார், கவனியுங்கள். மூன்றாவதில் தசையும் எலும்பும் பிரியும் இடங்களில் கோடு விழுகிறது. அதன்பின் உடல் தளங்களாக மாறி, நிழல் போய், தலை சிறுத்து, கடைசியில் சில கோடுகள்தான் மிச்சம். ஆனாலும் கொம்பும் திமிலின் கனமும் நிற்கும் மிடுக்கும் அப்படியே இருக்கின்றன.

தொடங்கியிருக்க வேண்டிய இடத்தில் போய் முடித்திருக்கிறாரே என்று அச்சகத் தொழிலாளி ஒருவர் சொன்னாராம். நானும் அப்படித்தான் நினைத்தேன். நேராகப் பத்துக் கோட்டில் ஒரு காளை போட்டேன். அறை நண்பன் பார்த்துவிட்டு, "என்னடா, நாயா?" என்றான். எனக்குத் தெரியாத தசையை நான் எப்படி விட்டுவிட முடியும்?

பிறகு ஒரு மாட்டைப் பார்த்து முழுசாக வரைந்தேன். அதன்மேல் டிரேசிங் பேப்பர் வைத்து, தாளுக்குத் தாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். ஆறாவது தாளில் அதே நண்பன், "காளை!" என்றான்.

நீங்களும் செய்து பாருங்கள். எந்தக் கோட்டை எடுத்தால் காளை மறைகிறதோ, அதுதான் எடுக்கக்கூடாத கோடு. அதைக் கண்டுபிடிக்க மற்ற எல்லாக் கோட்டையும் ஒருமுறை போட்டுத்தான் ஆகணும்.