கேசட் ரசிகனுக்கு ஒரு கணக்குப் பாடம்



"நான் இளையராஜா ரசிகன்" என்று சொன்னால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. "அதையும் கேசட்டில்தான் கேட்பேன்" என்றால்தான், "ஏம்ப்பா, போன்லதான் எல்லாம் வருதே!" என்று சிரிக்கிறார்கள். வருகிறதுதான். ஆனால் எண்பதுகளில் என் அப்பா பாட்டுப் பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுத்து, ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கிய வரிசை போனில் வராதே! (அப்படிப் பதிந்து விற்பது சட்டப்படி தப்பு, அது வேறு விஷயம்.) அந்தக் கேசட்டுகள் இப்போது என் பொறுப்பில் இருக்கின்றன.

பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் அறிமுகப்படுத்திய சமாச்சாரம் இது. டேப்பின் அகலம் 3.81 மி.மீ., ஓடும் வேகம் வினாடிக்கு 4.76 செ.மீ. இந்த இரண்டாவது எண்ணை மட்டும் மனதில் வையுங்கள். ரசிகனின் சந்தோஷம், எரிச்சல் இரண்டுமே அதற்குள்தான் இருக்கு.

சி-60 கேசட் ஒரு பக்கம் 30 நிமிடம் ஓடும். பாட்டுக்கு நாலரை நிமிடம் என்று வைத்தால் ஆறு பாட்டு முழுசாக வரும். ஏழாவது பாட்டு ரெண்டாவது சரணம் நெருங்கும்போது 'டக்'கென்று நின்றுவிடும். அந்த வயிற்றெரிச்சல் பட்டவனுக்குத்தான் தெரியும்! சி-90 என்றால் 45 நிமிடம், கச்சிதமாகப் பத்துப் பாட்டு. அதனால் அப்பா வாங்கியதெல்லாம் சி-90தான்.

இங்கேதான் வில்லங்கம். வேகத்தை நேரத்தால் பெருக்கிப் பாருங்கள். சி-60க்கு சுமார் 86 மீட்டர் டேப் போதும், சி-90க்கு 128 மீட்டருக்கு மேல் வேண்டும். பெட்டியோ ஒரே அளவு. ஆகவே டேப்பை மெலிதாக்கினார்கள்: சி-60இல் சுமார் 18 மைக்ரான், சி-90இல் சுமார் 12. பிளேயரில் கேப்ஸ்டன் தண்டும் ரப்பர் ரோலரும் டேப்பைப் பிடித்து ஒரே சீராக இழுத்துத் தள்ளுகின்றன. அதை வாங்கிச் சுற்றவேண்டியது அடுத்த சக்கரம். அதன் பெல்ட் தளர்ந்தால் டேப் தேங்கி ரோலரில் சுற்றிக்கொள்ளும். மெல்லிய டேப் சீக்கிரம் மாட்டும். ரோலரில் அழுக்கு ஒட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு எரிச்சல், ஒரு செட்டில் 'கணீர்' என்று பாடிய கேசட் வேறொரு செட்டில் போர்வைக்குள்ளிருந்து பாடுவது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை டேப்பில் பிடிக்கும் இடம் வெறும் 4.76 மைக்ரான். ஹெட் துளி சாய்ந்தாலும் அது கலங்கிப்போகும். 100 ஹெர்ட்ஸ் அலைக்கோ அரை மில்லிமீட்டர் இடம், அதற்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் தபேலாவின் 'தும்' கேட்கும், சலங்கை கேட்காது. ஹெட்டின் ஓரத்தில் உள்ள சின்னத் திருகை, பாட்டு ஓடும்போதே மெதுவாகத் திருப்பி, சலங்கை தெளிகிற இடத்தில் நிறுத்தவேண்டும். அந்த நொடியில் வருகிற சந்தோஷத்துக்கு எந்த லேப் மார்க்கும் ஈடில்லை!

டேப் அறுந்தால்? ஒரு செ.மீ. போனால் பாட்டில் 0.2 வினாடி போச்சு. 'மௌன ராகம்' (1986) பாட்டு ஒன்று எங்கள் கேசட்டில் மாட்டிக் கசங்கியபோது, ரிப்பேர்காரர் 5 செ.மீ. வெட்டி எறிந்துவிட்டு செலோடேப் போட்டு ஒட்டிக் கொடுத்தாராம். பல்லவிக்கு முந்திய இசையில் ஒரு வினாடி காலி. அப்பா வருஷக்கணக்காக அப்படியே கேட்டுப் பழகிவிட்டார். இன்று போனில் முழுப் பாட்டைப் போட்டாலும் அந்த இடத்தில் அவர் கை ஒரு வினாடி முந்தித் தாளம் தட்டுகிறது. "என்னடா, இங்க இழுக்குது?" என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோணுது!

செலோடேப்பின் பசை கசிந்து பக்கத்துச் சுற்றிலும் ஹெட்டிலும் ஒட்டும். போன மாதம் அதைப் பிரித்து, பசையைத் துடைத்து, ஸ்ப்ளைசிங் டேப்பால் ஒட்டினேன். ஒரு மில்லிமீட்டர்கூட வெட்டவில்லை. அப்பாவின் தாளம் தப்பக்கூடாதல்லவா?

உங்கள் வீட்டுப் பரணிலும் கேசட் கிடக்கலாம். உடனே செட்டில் போட்டுவிடாதீர்கள். முதலில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஹெட்டையும் கேப்ஸ்டனையும் துடையுங்கள். பிறகு ஆறுபட்டைப் பென்சிலைக் கேசட் துளையில் விட்டுச் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்றினால் ஓடவிட்டு, அந்த முதல் ஓட்டத்திலேயே கம்ப்யூட்டரில் பதிந்துவிடுங்கள். இறுக்கமாக இருந்தால் எங்கள் ஹாஸ்டல் அறைக்கு எடுத்து வாங்க, பிரித்துப் பார்ப்போம்.